நாலு கதவுக்கும் புது ரப்பர்

அரைகுறையாகச் செய்த வேலைகளால் நான் பட்ட அவமானங்கள் ஏராளம். அவை பழகிவிட்டன. ஆனால் ஒரு வேலையை முழுசாக, யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்து முடித்து, அதனாலேயே ஒரு தெரு முழுக்க வேடிக்கை பார்க்கத் தலைகுனிந்து நின்றது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். (இதை எழுத வேண்டாம் என்று என் மனைவி முதலில் சொன்னாள். அப்புறம் அவளே, ‘எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே, இனிப் போறதுக்கு என்ன மானம் மிச்சம் இருக்கு’ என்று அனுமதியும் கொடுத்தாள்.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு ஆழ்வார்குறிச்சியில் வீட்டோடு இருந்தேன். வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று நான் சொல்வேன். அப்பா வேறு மாதிரி சொல்வார். கையில் டிப்ளமாவும் எதிரில் ஒரு பழைய காரும் இருந்தால் இருபத்திரண்டு வயசுப் பையன் சும்மா இருப்பானா? நான் இருக்கவில்லை.

அந்தக் கார் தாத்தா நிலபுலன்களோடு வாழ்ந்த காலத்தில் வாங்கியது. நிலமெல்லாம் போய் அப்பா பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் வேலைக்கு வந்த பிறகும் கார் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. கறுப்பு நிறம், உருண்டை முதுகு, நாலு கதவு. அதைச் செய்த கம்பெனியே மூடிப் பல காலம் ஆகிவிட்டது. வீட்டில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது, ‘வண்டி’ என்றால் அதுதான். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பாசமுத்திரம் வரை ஓட்டிப்போய், ஒரு காப்பி குடித்துவிட்டு, பெட்ரோலை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டே திரும்பி வருவார்.

கதவு விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை ஓடுமே, எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் அதை ‘பீடிங்’ என்பார்கள். மழை, தூசி, காற்று எதையும் உள்ளே விடாமல் தடுப்பது அதன் வேலை. எங்கள் வண்டியில் அது எப்போதோ காய்ந்து, வெடித்து, தொட்டால் கறுப்பாக உதிர்ந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அம்மாவுக்கோ அது மிகவும் தேவைப்பட்டது. எதற்குத் தேவைப்பட்டது என்பதுதான் எனக்குப் புரியாமல் போயிற்று.

அம்மாவுக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒரு அக்கா. திசையன்விளைப் பெரியம்மா. கல்யாணமாகி ஒருத்தி மலையடிவாரத்துக்கு வந்தாள், ஒருத்தி செம்மண் காட்டுக்குப் போனாள். இரண்டு பேரும் வாரம் தவறாமல் கடுதாசி எழுதிக்கொண்டிருந்தவர்கள். அந்தக் கடுதாசிப் போக்குவரத்து பெரியம்மா மகள் வள்ளி அக்காவின் கல்யாணத்தோடு நின்றது.

எங்கள் சைவக் கல்யாணங்களில் மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்குச் சொதி வைத்தாக வேண்டும். தேங்காய்ப்பாலில் செய்வது. அடுப்பை ஒரு நிமிஷம் கவனிக்காமல் விட்டால் பால் திரைந்துவிடும். அன்றைக்குத் திரைந்திருந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த அம்மா முதல் வாய் வைத்ததும், “பால் திரைஞ்சிருக்கேக்கா” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், அவளுக்கு எல்லாமே மெதுவாகத்தான் வரும். ஆனால் பக்கத்து இலையில் மாப்பிள்ளையின் அம்மா இருந்தாள். கரண்டியோடு நின்ற பெரியம்மா நிமிர்ந்து, “உனக்கு எதுலதான் குத்தம் தெரியாது?” என்று சபையில் வைத்துக் கேட்டுவிட்டாள். அம்மா இலையை மடித்துவிட்டு எழுந்தாள். 

அதற்குப் பிறகு நாலு வருஷம் அம்மா திசையன்விளைப் பக்கம் போகவில்லை. யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான்.

“எனக்கென்ன, போகக் கூடாதுன்னா இருக்கு? அந்தத் தேரிக்காட்டுச் செம்மண் தூசி ஒத்துக்கிடாது. நம்ம வண்டில எல்லா இடுக்கு வழியாவும் மண்ணு வருது. போய்ச் சேருததுக்குள்ள எனக்கு இழுப்பு வந்திரும்.”

அம்மாவுக்கு எப்போதோ ஒரு தடவை மூச்சு இழுத்தது உண்மை. அந்த ஒரு தடவையை வைத்துக்கொண்டு அவள் நாலு வருஷம் ஓட்டினாள். சொதியைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும், “ஆமா, தூசிதான் ஆகாதே” என்று தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இரண்டு சகோதரிகளுக்கும் நடுவில் இருப்பது கதவிடுக்குதான் என்று மனப்பூர்வமாக நம்பிய ஒரே ஆள் நான்தான். டிப்ளமா படித்தவன் அல்லவா.

அந்த வருஷம் ஆனி மாதம் வள்ளி அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. ஆடி பிறக்கும் முன்னாலேயே அவள் போன் செய்தாள்.

“சித்தி, நீங்க வந்து தொட்டில்ல போடாம என் பிள்ளைக்குப் பேர் வைக்க மாட்டேன். பாத்துக்கிடுங்க.”

அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. பிறகு, “எனக்கு மட்டும் ஆசை இல்லாமலா இருக்கு வள்ளி? இந்தத் தூசிதான்...” என்று ஆரம்பித்தாள். நான் பாய்ந்து ரிசீவரை வாங்கி, “அக்கா, தூசியை நான் பாத்துக்கிடுதேன். ஒரு பொட்டு மண்ணு உள்ள வராது. அம்மாவைக் கூட்டிட்டு வாரது என் பொறுப்பு” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் வண்டியின் கதவருகே குத்தவைத்து உட்கார்ந்து பழைய ரப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார்.

“ஏலே, அதை ஏன் நோண்டுத?”

“தூசி வருதுல்லாப்பா. அம்மா போகணும்லா.”

“அது கிடந்துட்டுப் போகுது. விடு.”

“இத மாத்திட்டா அம்மாவுக்கு ஒரு தடையும் இல்லைப்பா.”

அப்பா வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மூதி, அதுக்குத்தாம்லே சொல்லுதேன். அவளுக்குப் போகணும்னுதான் இருக்கு. போறதுக்குப் பயமாவும் இருக்கு. இந்தத் தடவை போய் ஏதும் கோளாறாச்சுன்னா அதோட சரி, ரெண்டு பேரும் இந்த ஜென்மத்துல முகத்துல முழிக்க மாட்டாளுக. அதான் தூசின்னு ஒண்ணை வச்சுக்கிட்டு இருக்கா. நீ அதைப் போய்ப் பிடுங்குத.”

இன்றைக்கு யோசித்தால், அப்பா தன் வாழ்நாளில் என்னிடம் சொன்னவற்றில் இவ்வளவு தெளிவான விஷயம் வேறு எதுவும் இல்லை. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம், பாவம், பழைய காலத்து மனுஷர், ரப்பரின் அருமை தெரியாது என்பதுதான்.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணாச்சி என் கையில் இருந்த பழைய ரப்பர்த் துண்டை வாங்கி முகர்ந்து பார்த்தார். (ஏன் முகர்ந்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.)

“இந்த வண்டிக்கெல்லாம் இப்ப எங்க தம்பி பீடிங் வருது? பஸ் கதவுக்கு உள்ளது இருக்கு. ஆனா தடிமன் கூட.”

“எவ்வளவு கூட இருக்கும் அண்ணாச்சி?”

“இதைப் போல ஒண்ணரை மடங்கு. கதவு சாத்துறது சிரமம் பாத்துக்கிடுங்க.”

தடிமன் கூடினால் தூசி இன்னும் குறையும். இதுதான் என் கணிதம். நாலு கதவுக்கும் அளந்து வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் தோளில் மாலைபோல் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஒட்டுவதற்கு மூன்று நாள் பிடித்தது. பழைய பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, அம்மாவின் தோசைத் திருப்பியால் சுரண்டினேன். (அந்தத் திருப்பி பிறகு சமையலறைக்குத் திரும்பவே இல்லை.) முதல் கதவில் பட்டையை நன்றாக இழுத்து, விறைப்பாக ஒட்டினேன். மறுநாள் காலையில் பார்த்தால் ரப்பர் தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி, மூலைகளில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. இழுக்காமல் ஒட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. விட்டேனா? அந்த இடைவெளிகளில் இன்னொரு துண்டை வைத்து, அதன் மேல் இன்னொன்றை வைத்து, மொத்தையாக அடைத்தேன்.

அப்புறம் சோதனை. ரப்பர் எந்த இடத்தில் படவில்லை என்று கண்டுபிடிக்கக் கதவுச் சட்டத்தில் சாக்பீஸ் பொடி தடவி, கதவைச் சாத்தித் திறந்து, ரப்பரில் வெள்ளைக் கோடு முழுசாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாக்பீஸ் கைவசம் இல்லை. எங்கள் வீட்டில் திருநீற்றுக்கு என்ன குறை? பூஜை அறையில் இருந்த மரக்கொப்பரையை எடுத்து வந்து நாலு கதவுச் சட்டத்துக்கும் பூசினேன். அதைத் துடைக்குமுன் ஆபீஸ் ஃபைலை எடுக்க வண்டிக்குள் குனிந்த அப்பா, அன்றைக்கு முழுவதும் சட்டையின் ஒரு தோளில் மட்டும் பட்டையாகத் திருநீறு அணிந்து யூனியன் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். ‘சார் ஏதோ வேண்டுதல்ல இருக்காவ போல’ என்று அங்கே பேசிக்கொண்டார்களாம்.

கோடு நாலு கதவிலும் பிசிறில்லாமல் விழுந்திருந்தது. என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். கதவைச் சாத்த முடியவில்லை. அதாவது, சாதாரணமாகத் தள்ளினால் ரப்பரில் மோதி, வந்த வேகத்தில் நம்மிடமே திரும்பி வந்தது. கொஞ்சம் பலமாகத் தள்ளினாலும் வந்தது. நெஞ்சில் இருக்கும் மூச்சையெல்லாம் கூட்டி, கையை ஓங்கி, படார் என்று அறைந்தால் மட்டுமே பூட்டியது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு காதும் அடைத்தன. அந்த அளவுக்குக் காற்றுப் புகாத வண்டியாகிவிட்டது. “ஒரு மாசத்துல ரப்பர் அமுங்கிரும்” என்று அறிவித்தேன்.

நானும் அப்பாவும் அறைந்துவிடுவோம். அம்மாவுக்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது. அம்மா எந்தக் கதவையும் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் சாத்துகிறவள். அலமாரி, பீரோ, கொல்லைக் கதவு எதிலும் சத்தம் கேட்காது. அவளை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி நான் பாடம் எடுத்தேன்.

“அறையணும்மா. ஓங்கி அறை.”

அவள் தள்ளினாள். கதவு திரும்பி வந்தது.

“பத்தாது. இன்னும்.”

“எனக்கு வரலை எய்யா. பாவம், உடைஞ்சிராது?”

“உடையாது. யார் மேலயாவது கோவத்தை நினைச்சுக்கிட்டு அறை.”

“யாரு மேல?”

“யாராவது. உனக்குக் கோவம் இருக்குல்லா, யார் மேலயாவது.”

அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். படார். வண்டியே ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஒரே அறையில் பூட்டிவிட்டது.

“அதான்” என்று கைதட்டினேன். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா பேப்பரை இறக்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் மேல் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேலை முடிந்தது போதும்.

பேர் வைக்கிற நாள் காலையில் புறப்பட்டோம். சேரன்மகாதேவி, நாங்குநேரி வழி. நான்தான் ஓட்டினேன். அப்பா முன்னால் என் பக்கத்தில், அம்மா பின்னால். மடியில் குழந்தைக்கு வாங்கிய வெள்ளி அரைஞாண். திசையன்விளையை நெருங்க நெருங்க ஆடிக் காற்று செம்மண்ணை அள்ளி ரோட்டின் குறுக்கே வீசியது. எதிரில் வந்த சைக்கிள்காரர்கள் இறங்கி, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். எங்கள் வண்டிக்குள் ஒரு பொட்டு மண் இல்லை. புழுக்கத்தில் மூன்று பேரும் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பது வேறு விஷயம்.

“எப்படிம்மா?” என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக் கேட்டேன்.

“நல்லா இருக்கு” என்றாள். அவள் விரல்கள் அரைஞாண் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, “உங்க பெரியம்மா வாசலுக்கு வருவாளா?” என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாளா, தனக்குத்தானே சொன்னாளா, தெரியவில்லை.

பெரியம்மா வந்திருந்தாள். வண்டி தெருவுக்குள் திரும்பும்போதே வாசற்படியில் அவள் நிற்பது தெரிந்தது. பட்டுச் சேலை, தலையில் பிச்சிப்பூ, ஒரு கை நிலைக்கதவில். பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் சும்மா நிற்பதுபோல் நின்றார்கள். நாலு வருஷக் கதை அவர்களுக்கும் தெரியும் அல்லவா.

வண்டி நின்றது. அம்மா இறங்கினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மாவின் உதடு லேசாக அசைந்தது, ‘வா’ என்று சொல்லப்போகிறாள். படியில் ஒரு காலை இறக்கிக்கூட வைத்துவிட்டாள். அம்மா கையைப் பின்னால் நீட்டி, வழக்கம்போலக் கதவை மெதுவாகத் தள்ளினாள். கதவு திரும்பி வந்து அவள் முழங்கையில் இடித்தது.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கதவு ஒரு நிமிஷம் திறந்து கிடந்தால் உலகம் முங்கிப்போகாது. ஆனால் மூன்று நாள் உழைத்து ஒட்டிய ரப்பர். தேரிக் காற்று. திறந்த கதவு வழியாக என் புகழெல்லாம் மண்ணாகப்போகிறது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பி, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னேன்:

“அம்மா, அறை. சொல்லித் தந்த மாதிரி ஓங்கி அறை.”

அம்மா தயங்கினாள். பிள்ளை சொல்கிறானே என்று அறைந்தாள். படார். தயக்கத்தோடு அறைந்ததால் பூட்டவில்லை. மறுபடியும். படார். பூட்டவில்லை. பதற்றத்தில் மூன்றாவது தடவை, அரைஞாண் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும், உடம்பையே கொடுத்து, படார்.

பூட்டிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியம்மா கீழே வைத்த காலை மேலே எடுத்தாள். “வந்து இறங்குனதும் இறங்காததுமா மூணு அறை” என்றாள், பக்கத்து வீட்டுப் பெண்களிடம். அப்புறம் உள்ளே போனாள். அந்தப் பெரிய இரட்டைக் கதவு சத்தமே போடாமல் மூடியது.

அம்மா தெருவில் பெட்டியும் கையுமாக நின்றாள். அழவில்லை. “எய்யா, வண்டியைத் திருப்பு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்று அவர் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகப் புரிந்தது, நான் அடைத்தது தூசி வரும் வழியை அல்ல என்று.

இறங்கி ஓடினேன். தெருப்பக்க ஜன்னலுக்குள் பெரியம்மா நிற்பது தெரிந்தது.

“பெரியம்மா, அது கோவத்துல அறைஞ்சது இல்ல. கதவுக்குப் புது ரப்பர் போட்டிருக்கேன். தடிமன் கூடிப்போச்சு. அறைஞ்சாத்தான் பூட்டும்.”

“உங்க அம்மா மனசுல உள்ளதை வண்டிக் கதவே சொல்லிட்டு. நீ தனியா எதுக்குச் சொல்லுத?”

“சத்தியமா பெரியம்மா. நான்தான் அறையச் சொன்னேன்.”

“ஏலே, எனக்கு ரப்பரைப் பத்திச் சொல்லுதியா? நாலு வருசக் கோவம்லே அது. எனக்குத் தெரியாதா?”

“அப்பம் நீங்களே வந்து ஒரு தடவை பைய சாத்திப் பாருங்க. பூட்டிட்டுன்னா இப்பமே நாங்க போயிருதோம்.”

உள்ளேயிருந்து வள்ளி அக்காவின் குரல், பிள்ளையின் அழுகைக்கு மேலாக: “போய்ப் பாரேம்மா. வந்தவங்களைத் தெருவுல நிப்பாட்டிக்கிட்டு.”

பெரியம்மா வந்தாள். நடையிலேயே, என் பொய்யை ஊரறிய உடைக்கப்போகிற தீர்மானம் இருந்தது. அம்மாவைப் பார்க்காமல் அவளைத் தாண்டிப் போய், பின்கதவைத் திறந்து, மெதுவாகச் சாத்தினாள். கதவு திரும்பி வந்தது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடியும் சாத்தினாள். வந்தது. இடுப்பில் கையை வைத்து வண்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

உள்ளே இருந்த அப்பா, “இன்னும் கொஞ்சம் பலமா மைனி” என்றார்.

பெரியம்மா அறைந்தாள். படார். பூட்டியது. அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

சரி, நம்பிவிட்டாள், இனி உள்ளே கூப்பிடுவாள் என்று நினைத்தேன். பெரியம்மா போகவில்லை. கதவின் பிடியிலேயே கை இருந்தது. மறுபடியும் திறந்தாள்.

“சொதி திரைஞ்சு போச்சுன்னு சம்பந்திக்காரி முன்னால சொன்னால்லா” என்றாள், தெருப் பெண்களிடம் சொல்வதுபோல். படார்.

அம்மா தலை நிமிர்ந்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், மற்றப் பின்கதவைத் திறந்தாள். “எதுலதான் குத்தம் தெரியாதுன்னு சபையில வச்சுக் கேட்டியே, நான் உனக்கு யாரு?” படார்.

“இலையை மடிச்சிட்டுப் போனியே, அந்தப் பந்தியில நான் எப்படி நின்னேன்னு உனக்குத் தெரியுமா?” படார்.

“பின்னாலயே வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டியா?” படார்.

“நாலு வருசமா ஒரு கடுதாசி?” படார்.

“நீ போட்டியா?” படார்.

அப்பா அசையவில்லை. இறங்கினால் அவரும் ஒரு கதவை அறைந்தாக வேண்டும், அது யார் கட்சி என்று கேள்வி வரும் என்பதால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு அறைக்கும் கண்ணை மட்டும் மூடித் திறந்தார். நான் நடுவில் புகப் பார்த்தேன். வள்ளி அக்கா பிள்ளையோடு வாசலுக்கு வந்து, ‘விடு’ என்று கண்ணைக் காட்டினாள். தெருப் பெண்கள் சும்மா நிற்பதுபோல் நிற்பதையும் கைவிட்டு, நன்றாகவே பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

மறுபடியும் அம்மாவின் முறை வந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். “வள்ளி பிள்ளை உண்டாயிருக்கான்னு” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “அம்பாசமுத்திரம் சந்தையில எவளோ ஒருத்தி சொல்லித்தான்க்கா எனக்குத் தெரிஞ்சது.”

அறையக் கை எழவில்லை. தள்ளினாள். கதவு திரும்பி வந்து அவள் மேலேயே சாய்ந்தது.

பெரியம்மா வண்டியைச் சுற்றி வந்தாள். அம்மாவின் கைமேல் தன் கையை வைத்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தக் கதவை அறைந்தார்கள். பூட்டியது. அப்படியே தங்கச்சியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு பெரியம்மா அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, “வியர்த்திருக்கேக்கா, உள்ள வா” என்றாள். யார் வீட்டுக்கு யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

பேர் வைத்தார்கள். அம்மாதான் தொட்டிலில் போட்டாள். அப்பா பந்தியில் யார் என்ன சொன்னாலும் “என்னது?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியின் நாலு கதவையும் சாயங்காலம் வரை ஒருவரும் சாத்தவில்லை. வந்த விருந்தாளிகள் எல்லாரும் ஆளுக்கொரு தடவை அறைந்து பார்த்துவிட்டுத் திறந்து போட்டுப் போனார்கள். நாங்கள் திரும்பும்போது சீட்டில் விரல் கனத்துக்குச் செம்மண். அம்மா அதன் மேலேயே உட்கார்ந்து, சேலை சிவக்க, நாங்குநேரி வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். ஒரு தும்மல் இல்லை.

“இழுப்பு ஏதும் வரலையேம்மா?” என்று கேட்டேன்.

“எந்த இழுப்பு?” என்றாள்.

அடுத்த வாரம் அம்பாசமுத்திரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். அவர் கதவுத் தூணில் பூட்டு வந்து மாட்டுகிற தகட்டைத் தட்டிக் காட்டி, “ரெண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி இதை ரெண்டு நூல், அதான் கால் இஞ்ச், வெளிய தள்ளுனா பைய சாத்தினாலே பூட்டிக்கிடும். அஞ்சு நிமிச வேலை” என்றார். மூன்று நாள் தோசைத் திருப்பியோடு போராடியவனிடம் இதைச் சிரிக்காமல் சொன்ன அவர் நல்ல மனுஷர். ஸ்க்ரூ டிரைவரோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா தடுத்துவிட்டாள். “அது அப்படியே இருக்கட்டும். வள்ளியம்மா வரும்போது வேணும்லா” என்றாள். வள்ளியம்மா என்றால் வள்ளியின் அம்மா, அவள் அக்கா.

பெரியம்மா வருஷத்துக்கு இரண்டு தடவை வந்தாள். காப்பி குடித்ததும் இரண்டு பேரும் வண்டி நிற்கும் ஷெட்டுக்குப் போய்விடுவார்கள். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு சத்தம் கேட்கும். சிரித்துக்கொண்டு வருவார்கள். காலப்போக்கில் அது வீட்டு வழக்கமாகிவிட்டது. யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், “போ, வண்டியைச் சாத்திட்டு வா” என்பார் அப்பா. என் மனைவி கல்யாணமான முதல் வருஷத்திலேயே ஒரு மத்தியானம் பதினோரு தடவை சாத்தினாள். நான் உள்ளே இருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். வண்டி ஓடாமல் போய் எத்தனையோ வருஷமாயிற்று. கதவுகள் மட்டும் வேலை செய்கின்றன. சொந்தக்காரர் கல்யாணங்களில் என்னைக் கண்டால் இன்றைக்கும், “ரப்பர் தம்பி வந்தாச்சு, எல்லாரும் காதைப் பொத்திக்கிடுங்க” என்று யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.

போன வருஷம் பெரியம்மா இறந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து திசையன்விளையிலிருந்து மத்தியானம் திரும்பி வந்தோம். அம்மா சேலைகூட மாற்றாமல் நேராக ஷெட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரே ஒரு சத்தம் கேட்டது.

சாத்திவிட்டு வருகிறவரிடம் யார் மேல் கோபம் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. நான் போய்க் கேட்டுவிட்டேன்.

“முந்திப் போயிட்டால்லா” என்றாள் அம்மா. கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. “இனி அந்தப் பக்கத்துக் கதவை யாரு சாத்துவா?”

வண்டியைச் சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்றேன்.